உள்பக்கம் வெளியே

என்ன வேலைம்மா என்று
ஏழாம் மாதம் அட்டை எழுதும்போது கேட்டேன்.
"பனியன் திருப்பறதுங்க" என்றாள் கோகிலவாணி.
ஓவர்லாக் அடித்து வருவதெல்லாம்
உள்பக்கம் வெளியே இருக்குமாம்.
கையை உள்ளே விட்டு, கழுத்தைப் பிடித்து,
ஒரே இழுப்பு.
ஆயிரம் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி.
"கூலி" என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஊத்துக்குளி ஆஸ்பத்திரி. ஆவணி.
இரவு இரண்டே கால்.
குழந்தை அழுதாகிவிட்டது.
பெண். இரண்டு கிலோ எண்ணூறு.
நஞ்சு மட்டும் வரவேண்டும்.
கொடியை மெதுவாகத்தான் இழுத்தேன்.
மெதுவாகத்தான் என்று
யாரும் கேட்காமலே
இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

வந்தது நஞ்சு மட்டுமல்ல.
வயிற்றைத் தொட்டேன்.
பந்தாய் உருண்டு நிற்கவேண்டிய இடத்தில்
ஒரு பள்ளம்.

கொட்டிய ரத்தத்துக்குப் பொருந்தாத வெளுப்பு அவள் முகத்தில்.
நாடி நாற்பத்தெட்டு.
"டாக்டர், இது என்னங்க" என்றார் நவமணி சிஸ்டர்,
இருபத்திரண்டு வருஷம் பிரசவம் பார்த்தவர்.

புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் அது.
பரீட்சைக்கு வராது என்று
சீனியர் சொன்னதால் புரட்டிப் போனேன்.
புரட்டிய வேகத்தில் கண்ணில் பட்ட
ஒரு படம்,
ஒரு கை,
அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

"நஞ்சைப் பிச்சு எடுத்துடலாங்களா?"
வேண்டாம், தொடாதீங்க.
பிய்த்தால் ஊற்றுத் திறந்துகொள்ளும்.
கருப்பையை இறுக்கும் மருந்தை நிறுத்துங்க.
இறுகினால் வாசல் சாத்திக்கொள்ளும்.
இன்னொரு கையிலும் ஊசி போடுங்க, சலைனை ஓடவிடுங்க.
திருப்பூருக்குச் சொல்லுங்க,
ரத்தம், மயக்க டாக்டர், நூற்றியெட்டு.

பதினாறு கிலோமீட்டர்.
நடுவில் ரயில்வே கேட்.

மாராத்தாள் ஓடிப்போய்
மூச்சிரைப்புக்காரர்களுக்கு வைத்திருந்த மருந்தை
அலமாரியோடு பெயர்த்துக் கொண்டுவந்தது போல
மேசையில் கொட்டினாள்.
அதில் ஒரு ஊசி தசையைத் தளர்த்தும்.
பிரஷர் கிடக்கிற கிடப்பில் போடலாமா?
போடாமல் இருக்கலாமா?
போட்டேன். பாதி.

பிறகு கை.
என் கை, வலது.
உள்ளங்கை முழுக்க அவள் கருப்பை, சூடாக.
கடைசியாய் வெளியே வந்தது முதலில் போகவேண்டும்,
தொப்புளைப் பார்த்து,
விரல்நுனி குத்தாமல்,
மேலே, மேலே.

அவள் கத்தவில்லை. அதுதான் பயம்.
"கோகிலா, உன் பிள்ளைக்கு என்ன பேரு?"
உதடு மட்டும் அசைந்தது.

கோவைப் பக்கமிருந்து ஒரு சரக்கு வண்டி
ஜன்னல் கண்ணாடியை நடுக்கிக்கொண்டு போயிற்று.
பெட்டிகளை எண்ணினேனா,
என் மூச்சையா, தெரியவில்லை.
முழங்கை வரை மரத்துப்போன ஒரு கணத்தில்
ஏதோ வழுக்கி,
சட்டென்று
இடம் இருந்தது.
பள்ளம் இல்லை.
என் கை உள்ளே,
ஒரு வீட்டுக்குள் நிற்பது போல நின்றது.

இப்போது இறுக்கும் மருந்து.
கையை எடுக்காதே. எடுத்தால் கூடவே வரும்.
ஏழு நிமிஷம். முஷ்டியாய் மடக்கி நின்றேன்.
வெளியே லோகநாதன்
யாரிடமோ ஃபோனில்
"ஒண்ணுமில்லீங்க, பொண்ணுதான்" என்றது கேட்டது.

பிறகு அது
என் முஷ்டியைப் பிடித்தது.
முதலில் லேசாக,
பிறகு வலிக்கும்படி.
யாரும் என் கையை
அப்படிப் பிடித்ததில்லை.

நஞ்சு தானாய்க் கழன்றது.
நாடி எழுபது. எண்பத்தாறு.
வாசலில் ஆம்புலன்ஸ், உள்ளே இரண்டு பை ரத்தம்,
கேட் போட்டிருந்ததாகச் சொன்னார் மயக்க டாக்டர்.
மாராத்தாள் டீ கொடுத்தாள்.
டம்ளரை இடது கையில்தான் வாங்க முடிந்தது.

மூன்றரை மாதத் தடுப்பூசிக்கு வந்தாள்.
அன்றைய இரவைப் பற்றி
அவளும் கேட்கவில்லை.
பிள்ளைக்கு மஞ்சள் பனியன்,
தையலும் லேபிளும் வெளியே தெரிய.
என் கை தானாய்ப் போயிற்று, திருப்பிப் போட.
"இருக்கட்டுங்க" என்றாள்.
"உள்ளே தையல் உறுத்துமுங்க.
சின்னப் பிள்ளைகளுக்கு
இப்படித்தான் போடோணும்."